இடது பக்கம் சாஞ்சா இடி

இந்தப் பேப்பர் ரோலை உங்க கால் பக்கம் சாச்சு வெச்சுக்கட்டுங்களா? பஸ்ஸுல மேல கம்பியில வெச்சா எவனாச்சும் அதும்மேல மூட்டையைத் தூக்கிப் போட்டுருவான். பேப்பருதானேன்னு நெனைப்பானுங்க. பேப்பருதான், இல்லீங்கல. ஆனா இன்னிக்குப் பதினோரு மணிக்கு இந்தப் பேப்பரை விரிச்சு வெச்சுத்தான் ஒரு பொண்ணுக்கு வேலை இருக்குதா இல்லையான்னு முடிவு பண்ணப் போறாங்க.

எம்பட பொண்ணு இல்லீங்க. ஆபீஸ்ல வேலை பாக்கற பொண்ணு. சிந்துஜான்னு பேரு. வந்து எட்டு மாசந்தான் ஆகுது. அன்னூருக்கு அந்தப் பக்கமிருந்து ரெண்டு பஸ் மாறி வருவா. வந்த எட்டு மாசத்துல எனக்கே பாடம் எடுக்க ஆரம்பிச்சுட்டா. அதான் வெனை.

நீங்க பொள்ளாச்சி வரைக்குமுங்களா? அப்பச் சரி. மாட்டு ஆஸ்பத்திரியிலயா வேலை? நல்ல வேலைங்க. மாடு எதுத்துப் பேசாது.

நான் சென்னியப்பன். கோயமுத்தூர்ல இன்ஜினியர் குழந்தைவேலு ஆபீஸ்ல இருபத்தாறு வருஷமா டிராப்ட்ஸ்மேன். வீட்டு பிளான் போட்டுக் குடுக்கற ஆபீஸ். இன்ஜினியர் மண்டையில இருக்கறது பேப்பருக்கு வரணும்னா எங்கை வழியாத்தான் வரணும். பெருமைக்குச் சொல்லலை. எம்பட எழுத்தைப் பாத்தாலே பொள்ளாச்சி உடுமலை வரைக்கும் கான்ட்ராக்டருங்க சொல்லீருவாங்க, இது சென்னியப்பன் எழுத்துன்னு. கம்பி வளைச்சு வெச்ச மாதிரி இருக்கும். வேற எவனுக்கும் அது வராது. ஒருத்தன் ரெண்டு மாசம் பாத்துப் பாத்து எழுதிப் பழகுனான். கோழி கெளறுன மாதிரி வந்துச்சு.

ஹேட்ச்னா என்னன்னு தெரியுமுங்களா? தெரியாது. தெரியாதுன்னு தலையாட்டறீங்க பாருங்க, அதுவே மரியாதை. எங்க ஆபீஸ்ல தெரியாதவனெல்லாம் தெரியும்னு தலையாட்டுவான்.

பிளான்ல ஒரு செவுத்தை ரெண்டு கோடாப் போடுவோம். அந்த ரெண்டு கோட்டுக்கு நடுவுல சின்னச் சின்னக் கோடா நெரப்பி, அது என்ன செவுருன்னு காட்டுவோம். அதுக்குப் பேருதான் ஹேட்ச். செங்கல்லுக்கு ஒரு மாதிரி, கான்கிரீட்டுக்கு ஒரு மாதிரி, மண்ணுக்கு ஒரு மாதிரி. கம்ப்யூட்டர்ல ரெடியா அறுபது எழுபது மாதிரி இருக்குது. ஜவுளிக்கடையில துணி எடுத்துப் போடற மாதிரி வரிசையாக் காட்டும். கண்டவனும் அதுல ஒண்ணைத் தொட்டு, செவுத்துக்குள்ள கொட்டீட்டுப் போயிருவான். அளவைக்கூட மாத்த மாட்டான். அளவு சின்னதாப் போச்சுன்னா மை கொட்டுன மாதிரி மொத்தமாக் கறுப்பா வரும். பெருசாப் போச்சுன்னா ஒரு செவுத்துக்கு ஒரே ஒரு கோடு வரும். ஒருத்தன், பேரு வேண்டாம், பாத்ரூம் தரைக்கு டைல்ஸ் போடறதுக்குப் பதிலா கூரை ஓட்டு ஹேட்ச்சைப் போட்டு பிரின்ட் எடுத்துட்டான். தரையில ஓடு! அவனும் எங்க ஆபீஸ்தான். இன்னும் சம்பளம் வாங்கிட்டுத்தான் இருக்கறான்.

நான் அந்தச் சாதி இல்லீங்க. எம்பட ஹேட்ச்சை நானே எழுதுனேன். கம்ப்யூட்டர்ல எழுதலாமுங்க, அது நெறையாப் பேருக்குத் தெரியாது. நம்பர் நம்பரா எழுதணும். கோடு எந்தச் சாய்வு, எங்க ஆரம்பிக்கணும், அடுத்த கோடு எவ்வளவு தள்ளி வரணும், எவ்வளவு நீளம் போட்டு எவ்வளவு விடணும். ஒரு கமா மாறுனா ஏத்துக்காது. கடைசி வரிக்கப்புறம் ஒரு என்டர் தட்டலைன்னாக்கூட ஏத்துக்காது. அந்த என்டர் சமாச்சாரம் தெரியாம நான் நாலு நாளு கம்ப்யூட்டர்காரனைத் திட்டீட்டு இருந்தேன். சரி, அதை விடுங்க. மொத்தம் மூணு வாரம். சோத்துப் போசியைப் பக்கத்துல வெச்சுட்டு எழுதுனேன். 

அழகுன்னா அழகுங்க. நீளமா ஒரு கோடு, அதுக்குப் பக்கத்துல வெட்டி வெட்டி ஒரு கோடு. மறுக்கா நீளம், மறுக்கா வெட்டு. பழைய வீட்டை மாத்திக் கட்டறாங்க பாருங்க, அந்த மாதிரி வேலைக்குன்னே பண்ணுனது. வலது பக்கம் சாஞ்சிருந்தா அந்தச் செவுரு நிக்கட்டும். இடது பக்கம் சாஞ்சா இடி. அவ்வளவுதான். ஒரே ஹேட்ச், சாய்வு மட்டும் மாறும். இதைவிடச் சுருக்கமா ஒருத்தன் சொல்லீர முடியுமா? எல்லாக் கம்ப்யூட்டர்லயும் நானே போய் ஏத்தி விட்டேன். சென்னி ஒண்ணு, சென்னி ரெண்டுன்னு பேரு. பேரு நானா வெக்கலீங்க. சரி, நான்தான் வெச்சேன். வேற எவன் வெப்பான்?

அப்பத்தான் இந்தம்மணி வந்து சேந்துச்சு. பாலிடெக்னிக் படிச்சுட்டு.

மொத வாரம் எம்பட டேபிளுக்கு வந்து நிக்கறா. "சார், லெஜண்ட் எங்க சார்?"ங்கறா. லெஜண்டுன்னா, ஷீட்டு ஓரத்துல ஒரு கட்டம் கட்டி, இந்தக் கோடுன்னா இது, அந்தக் கோடுன்னா அதுன்னு எழுதி வெக்கறது. பால்வாடியில படம் போட்டுப் பேரு எழுதி ஒட்டி வெப்பாங்கல்லங்க, அதேதான். நான் சொன்னேன், "ஏம்மணி, டிராயிங் பாக்கத் தெரிஞ்சவனுக்கு லெஜண்ட் எதுக்கு? பாக்கத் தெரியாதவனுக்கு டிராயிங்கே எதுக்கு?" இன்ஜினியரு உள்ள இருந்து கேட்டுட்டுச் சிரிச்சாரு. நல்ல கேள்விதானுங்களே?

அத்தோட போயிருந்தா அவ பொழைச்சிருப்பா. போகலை. எம்பட ஷீட்டை எடுத்து டேபிள்ல வெச்சு, "சார், இது இடி"ங்கறா. ஆமாங்கறேன். அப்படியே ஷீட்டைக் கால்வாசி திருப்பி வெக்கறா. "இப்பப் பாருங்க சார். இடி சாய்வு நிக்கட்டும் சாய்வா ஆயிருச்சு. நிக்கட்டும் இடி ஆயிருச்சு"ங்கறா.

திருப்புனா ஆகத்தானே செய்யும்? காலண்டரைத் தலைகீழா மாட்டிட்டு இன்னிக்கு என்ன கெழமைன்னு கேட்டா எப்படி? "பேப்பரை எதுக்கு அம்மணி திருப்பற? அதென்ன தோசையா?"ன்னேன். ஆபீஸே சிரிச்சுது. அவளும் சிரிச்சா. சிரிச்சுட்டு, "சைட்ல திருப்புவாங்க சார். மேஸ்திரி எந்தப் பக்கம் பாத்து நிக்கறாரோ அந்தப் பக்கத்துக்குப் பேப்பரையும் திருப்பிப் பிடிச்சுக்குவாரு. எங்கப்பா அப்படித்தான் பிடிப்பாரு"ங்கறா. அப்பன் கொத்தனாரு. அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. கொத்தனாரு பேப்பர் பிடிக்கறதைப் பாத்து சென்னியப்பன் ஹேட்ச்சை மாத்தணுமாம். இனி சித்தாளு சட்டி தூக்கறதைப் பாத்து இன்ஜினியரு பீமு போடணும்.

சரி, உனக்கு என்னதான் வேணும்னு கேட்டேன். நான் கேக்க மாட்டேன்னெல்லாம் இல்லீங்க, கேப்பேன். அவ சொல்றா, இடிக்கற செவுத்துக்குப் பெருக்கல் குறியா நெரப்பீரலாமாம். எப்படித் திருப்புனாலும் பெருக்கல் பெருக்கலாவே இருக்குமாம். நிக்கற செவுத்துக்கு ஒண்ணுமே வேண்டாமாம், வெறுசா விட்டுரலாமாம். வெறுசா! மூணு வாரம் சோத்தைக் கூட ஆற விட்டு நான் எழுதி வெச்சிருக்கறேன், அந்த எடத்துல வெறுசு. அதுக்குமேல ஓரத்துல கட்டம் வேற.

ஓட்டுக் கூரை ஹேட்ச் போட்டான்னு சொன்னனே, அவன் மறுநாளே பெருக்கலுக்கு மாறீட்டான். இன்னொருத்தனும் மாறீட்டான். கேட்டா, "ஈஸியா இருக்குதுண்ணா"ங்கறான். ஈஸியா இருக்கும். சிந்திக்காம இருக்கறதே ஈஸிதான். இன்ஜினியரு ஒரு நாளு எங்கிட்ட வந்து, "சென்னி, அந்தப் பொண்ணு சொல்றதுல ஒரு இது இருக்குதப்பா"ன்னாரு. என்ன இதுன்னு நான் கேக்கலை. அவரும் சொல்லலை.

இப்பப் பொள்ளாச்சிக் கதைக்கு வர்றேன்.

மரகதவல்லின்னு ஒரு அம்மா. ஆவணியில பொண்ணுக்குக் கல்யாணம் முடிச்சிருக்காங்க. தீபாவளிக்கு மாப்பிள்ளை வர்றாரு, தலை தீபாவளி. அதுக்குள்ள சமையக்கட்டைப் பெருசு பண்ணோணும். சின்ன வீடுங்க. வெளிச் செவுரெல்லாம் கெட்டியாக் கறுப்பு அடிச்சாச்சு, அதுல கை வெக்க வேண்டியதில்லை. உள்ள ரெண்டே ரெண்டு நாலரை இஞ்சி செவுரு. ஒண்ணு சமையக்கட்டுக்கும் ஸ்டோர் ரூமுக்கும் நடுவுல இருக்கறது. அதை இடிக்கோணும். இன்னொண்ணு ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் நடுவுல இருக்கறது. அது அது பாட்டுக்கு நிக்கோணும். ரெண்டு செவுரு. ஒண்ணு இடி, ஒண்ணு விடு. இதுல தப்புப் பண்றதுக்கு என்னங்க இருக்குது?

டிராயிங்கை அவதான் போட்டா. சென்னி ஹேட்ச்தான் போடணும்னு நான் கண்டிஷனாச் சொல்லீட்டேன். போட்டா. ஒழுங்காத்தான் போட்டிருந்தா, அதை நான் மறுக்கலை. ஆனா கழுதை, ஓரத்துல கட்டத்தையும் கட்டி வெச்சுட்டா. எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சாளோ என்னமோ. அழகான ஷீட்டுங்க, சுத்தமா இருக்குது, மூலையில மட்டும் ரேஷன் கார்டு மாதிரி ஒரு கட்டம். கண்ணை உறுத்துச்சு. எடுத்துட்டேன். டெலீட் பண்ணீட்டு ரெண்டு காப்பி பிரின்ட் குடுத்தேன். ஒண்ணு சைட்டுக்குப் போச்சு, ஒண்ணு ஆபீஸ்ல இருந்துச்சு. அதுதான் இது. அடியில பாத்தீங்கன்னா, வரைந்தது சிந்துஜா, சரிபார்த்தது சென்னியப்பன்னு இருக்கும்.

மேஸ்திரி பேரு ஆறுச்சாமி. முப்பது வருஷ மேஸ்திரின்னு பேரு. அந்தாளு ஹால் செவுத்தை இடிச்சுட்டான்.

இடிச்சுட்டானுங்க! மரகதவல்லியம்மா மார்க்கெட்டுக்குப் போய்ட்டுத் திரும்பி வர்றாங்க, வாசல்ல நின்னா பெட்ரூம் கட்டில் தெரியுது. புது மாப்பிள்ளை வர இருபது நாள் இருக்குது, ரூமுக்குச் செவுரு இல்லை. அந்தம்மா கூடையை அங்கயே போட்டுட்டுக் கத்துனதுல பக்கத்து வீட்டுக்காரங்க சாவு விழுந்துருச்சுன்னு ஓடி வந்துட்டாங்களாம். அதுல ஒண்ணு கேளுங்க. அந்தச் செவுத்துல டிவி மாட்டியிருந்துச்சு. டிவியைப் பதனமாக் கழட்டி, துணி போட்டுச் சுத்தி, கட்டில்மேல வெச்சுட்டு அப்பறம் இடிச்சிருக்கறான். டிவியைக் கழட்டறப்பக்கூட, நல்லா இருக்கற செவுத்தை எதுக்குடா இடிக்கறோம்னு ஒருத்தனுக்கும் தோணலை பாருங்க.

கேட்டதுக்கு ஆறுச்சாமி சொல்றான், "நான் வாசலைப் பாத்து நின்னனுங்க, பேப்பரையும் வாசலைப் பாத்துத் திருப்பி வெச்சனுங்க. இடது சாஞ்சா இடின்னு நீங்கதான சொல்லி வெச்சிருக்கறீங்க." பேப்பருக்கு அடியில பேரு எழுதியிருக்குது, நம்பர் எழுதியிருக்குது, எல்லாம் படுத்துக் கெடக்குதே, அது கண்ணுக்குத் தெரியலையா? பேப்பரை நேராப் பிடிக்கத் தெரியாதவன் பூசற கரணையை எப்படி நேராப் பிடிப்பான்?

ஆமாங்க, அந்தப் பொண்ணு சொன்ன மாதிரியேதான் நடந்துச்சு. அதுக்கு என்னங்க இப்ப? மழை வரும்னு சொன்னவன்தான் மழையைக் கொண்டாந்தான்னு ஆயிருமா? எனக்கு என்ன கோவம்னா, நடந்ததுக்கப்பறம் அவ ஒரு வார்த்தை பேசலை. நான் அப்பவே சொன்னனேன்னு கேட்டிருந்தா நானும் நாலு கேட்டிருப்பேன். பொட்டாட்டம் உக்காந்திருந்தா. அது திமிரு இல்லாம என்னங்க?

இன்ஜினியரு கூப்புட்டுக் கேட்டாரு. "சென்னி, சைட்டுக்குப் போன ஷீட்டுல ஏன்ப்பா லெஜண்ட் இல்லை?"ன்னாரு. எட்டு மாசத்துக்கு முன்னால சிரிச்ச அதே மனுஷன்! நான் சொன்னேன், "சின்னப் பொண்ணுங்க சார், மறந்துட்டா போல."

பொய்யில்லீங்க. அப்படிப் பாக்காதீங்க. பேப்பர்ல கட்டம் இல்லை. இல்லைன்னா மறந்துட்டான்னுதானே ஊருல சொல்லுவாங்க? எடுத்தது யாரு, வெச்சது யாருன்னு அவரு கேக்கவே இல்லை. கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன். கேட்டிருந்தா.

அடுத்த மாசம் அவளைப் பர்மனென்ட் பண்றதா இருந்துச்சு. இன்ஜினியரு, சனிக்கெழமை வரைக்கும் வீட்டுல இரும்மான்னுட்டாரு. இன்னிக்குச் சனிக்கெழமை. பதினோரு மணிக்கு மரகதவல்லியம்மா வீட்டுல எல்லாரும் கூடறோம். இன்ஜினியரு காலையிலயே கார்ல போய்ட்டாரு. ஆபீஸ் காப்பியைக் கொண்டா, பாத்துட்டு அங்கயே முடிவு பண்ணீரலாம்னு எங்கிட்டச் சொல்லீட்டாரு. அவ தப்புன்னு ஆச்சுன்னா அவ அப்படியே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவளுக்கு வேற வேலை கெடைக்காதா என்ன? பெருக்கல் குறி போடறதுக்கு ஆளா இல்லைங்கறாங்க?

நேத்துப் பொழுதோட அவகிட்டருந்து ஒரு மெசேஜ் வந்துச்சு. இருங்க, படிக்கறேன். கண்ணாடி எங்க... ம். "சார், கட்டத்தை நீங்க எடுத்தீங்கன்னு நான் இன்னும் யார்கிட்டயும் சொல்லலை சார். நீங்களே சொல்லீட்டா நல்லாருக்கும் சார்." மூணு சாரு. நல்லாருக்குமாம். கெஞ்சறாளா மெரட்டறாளான்னே தெரியலை. நான் பதில் போடலை. பதிலுக்கு என்ன இருக்குது? நானா போய், அய்யா நான்தான் எடுத்தேன்னு சொல்லோணுமாம். இருபத்தாறு வருஷத்துல ஒரு வாட்டி நான் அப்படிச் சொன்னதில்லை. சொல்ற மாதிரி வெச்சுக்கிட்டதும் இல்லை.

கிணத்துக்கடவு தாண்டியாச்சுங்களா? அப்ப நேரம் இருக்குது. இருங்க, நீங்களே பாருங்க. படிச்ச மனுஷன், பொதுவான ஆளு. நீங்க சொல்லுங்க. இதை அகலமா விரிச்சா முன் சீட்டு தட்டுது, இப்படிக் குறுக்கால வெச்சுக்கலாம். எழுத்து படுத்துக் கெடக்குதேன்னு பாக்காதீங்க. அந்த ஓரத்தைச் சித்தே பிடிச்சுக்குங்க. இந்தா, கெட்டியாக் கறுப்பா இருக்கறது வெளிச் செவுரு. உள்ள ரெண்டு. இடது பக்கம் சாஞ்சா இடி. எது இடிக்கற செவுருன்னு வெரலை வையுங்க.

என்னங்க நீங்களும் ஹால் செவுத்துல வெக்கறீங்க!

இல்லீங்க, நீங்க குறுக்கால பாக்கறீங்க, அதான். தலையைச் சாய்ங்க. இன்னும். இன்னும் சாய்ங்க. தோள்ல காது படற மாதிரி. இப்பப் பாருங்க. இப்பச் சமையக்கட்டுச் செவுரு இடது சாஞ்சு தெரியுதுங்களா? தெரியுதல்ல? அவ்வளவுதானுங்க! இதைப் போய் எல்லாரும் பெரிய கம்பசூத்திரமாட்டம் பேசறாங்க.

என்ன சொன்னீங்க? மாட்டுக்குக் காதுல தோடு குத்தி நம்பர் போட்டு விடுவீங்களா? எதுக்கு? மாடு எந்தப் பக்கம் திரும்பி நின்னாலும் எந்த மாடுன்னு தெரியறதுக்கா? அது மாடுங்க. இது டிராயிங்.

சரி. நீங்க சொல்றதையும் வெச்சுக்குவோம். தோடுதானே? குத்தீட்டாப் போச்சு. உங்க பாக்கெட்டுல இருக்கறது கறுப்புப் பேனாவுங்களா? குடுங்க சித்தே. இப்பத்தான் தோணுச்சு, இது எனக்கு நேத்தே தோணியிருக்கோணும். இந்த மூலையில, அவ கட்டம் இருந்த எடம் காலியாத்தானே கெடக்குது. நான் சரிபார்த்தப்பவே, கட்டம் இல்லாததைக் கண்டுபிடிச்சு, பேனாவுல கட்டம் போட்டு, அம்மணி இதை சைட் காப்பியில ஏத்தீருன்னு சொல்லிக் குடுத்தேன். அவ ஏத்தலை. முடிஞ்சுதுங்களா? எம்மேலயும் குத்தமில்லை, சென்னி ஹேட்ச்மேலயும் குத்தமில்லை. ஹேட்ச்சுக்கு ஒரு கெட்ட பேரு வரக்கூடாதுங்க, அதுதான் எனக்கு. நாளைக்கு எவனும் அதைக் கம்ப்யூட்டர்லருந்து எடுத்துரக் கூடாது.

அவளா? அவ என்ன சொல்லுவா? இத்தனை நாளு சொல்லாதவ இன்னிக்கா சொல்லப் போறா? சொன்னாலும் நம்பறதுக்கு எவன் இருக்கறான்? நான் எதையும் மாத்தலீங்க. இருக்கறதை வெளக்கி எழுதறேன். வெளக்கறது தப்பா?

அந்தப் பக்கத்தைக் கெட்டியாப் பிடிங்க. பஸ்ஸு குலுங்குது. இப்படியே மடியில குறுக்காலயே இருக்கட்டும், எழுதறதுக்குத் தோதா இருக்குது. மொதல்ல ஒரு கட்டம். பாத்தீங்களா, ஸ்கேல் இல்லாம எப்படி வருதுன்னு. அதுக்குள்ள சின்னதா ரெண்டு டப்பா. இதுல இடது சாஞ்ச கோடு. நீளம், வெட்டு, நீளம், வெட்டு. கண்ணை மூடிட்டுப் போடுவனுங்க, கை தன்னால போகும். பக்கத்துல, இடிக்க வேண்டிய சுவர். அடுத்த டப்பாவுல வலது சாஞ்ச கோடு. விட வேண்டிய சுவர். எழுத்தைப் பாருங்க! ஓடற பஸ்ஸுல எழுதுனதுன்னு எவனாச்சும் சொல்லுவானா? கீழ எங்கையெழுத்து. தேதி போன மாசம் பத்து. அன்னிக்குத்தான் பிரின்ட் குடுத்தது. அவ்வளவுதான். தோடு குத்தியாச்சு.

இப்பக் கட்டத்தைப் பாத்துட்டுச் சொல்லுங்க. இப்ப ஒருத்தன் தப்பாச் சொல்ல முடியாது. எது இடிக்கற செவுரு?

அட, மறுக்காவும் ஹால் செவுத்துலயே வெக்கறீங்க! அதான் கட்டமே போட்டுட்டனுங்களே! கட்டத்தைப் பாருங்க. இடிக்க வேண்டிய சுவர், இடது பக்கம் சாஞ்ச கோடு. பிளான்ல இடது சாஞ்சது எது? இந்தா இது...

இருங்க.

இல்லீங்க, இருங்க. பேப்பரைக் குடுங்க. கட்டம் நேரா இருக்கறப்ப, இடது சாஞ்சது... ஹால் செவுரு. பேப்பரை நேரா வெச்சா... கட்டம் படுத்துருது. எழுத்தும் படுத்துருது. கட்டத்துல இருக்கற இடிக் கோடு வலது பக்கம் சாஞ்சுருது. அப்பவும் ஹால் செவுரு. எப்படித் திருப்புனாலும் ஹால் செவுருங்க. ஆறுச்சாமி இடிச்ச அதே செவுரு. சமையக்கட்டுச் செவுத்தை விடு, ஹால் செவுத்தை இடின்னு எழுதியிருக்குது. எம்பட எழுத்துல. எங்கையெழுத்தைப் போட்டு. போன மாசம் பத்தாந்தேதி.

இது அழியுமுங்களா? ரப்பர் வெச்சுத் தேச்சா? எச்சல் தொட்டுத் தேச்சா? எதுக்குங்க இவ்வளவு நல்ல பேனாவையெல்லாம் பாக்கெட்டுல வெச்சுட்டுத் திரியறீங்க?

கிழிச்சுரலாமுங்களா? மூலையை மட்டும்? மூலையில தானுங்க அவ பேரும் எம்பட பேரும் இருக்குது. கட்டம் அதுமேல ஒட்டீட்டு இருக்குது. ஆபீஸ் காப்பி வேற கெடையாது, மறுக்கா பிரின்ட் எடுக்கப் போறதுக்கும் நேரமில்லை. பஸ்ஸுல வுட்டுட்டேன்னு... இருபத்தாறு வருஷமா ஒரு ஷீட்டை நான் தொலைச்சதில்லீங்க. இன்ஜினியரு நம்ப மாட்டாரு.

ஸ்டேண்டு வந்துருச்சா? அதுக்குள்ளயா? அந்தா, பைக்கோட நிக்கறான் பாருங்க, அவன்தான் ஆறுச்சாமி. என்னையக் கூட்டீட்டுப் போறதுக்கு இன்ஜினியரு அனுப்பியிருப்பாரு. பக்கத்துல குடையோட நிக்குதே, அதுதான் அந்தப் பொண்ணு. பஸ்ஸைத்தான் பாத்துட்டு நிக்கறா. என்னையப் பாத்துட்டா. கையெடுத்துக் கும்புடறா பாருங்க. இன்னும் நான் சொல்லீருவேன்னுதான் நம்பீட்டு நிக்கறாளா அவ?

உங்க பேனாவைப் பிடிங்க. ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க? நான் நேராத்தானுங்க போட்டேன். பஸ்ஸு திரும்புச்சுங்க. ஆச்சிபட்டிகிட்ட ஒரு திருப்பம் வந்துச்சல்லங்க, அப்பப் பஸ்ஸுதானுங்க திரும்புச்சு.